ஆழத்தில் வெந்த பொதிகை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடித் தொகுதி பொதிகை மலை. இதன் தலைமைச் சிகரமான அகத்தியர் மலை கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம் கொண்டது. தமிழ்நாடு–கேரள எல்லை இந்தச் சிகரத்தை ஒட்டியே செல்கிறது. கிழக்குச் சரிவு திருநெல்வேலி மாவட்டத்திலும் மேற்குச் சரிவு திருவனந்தபுரம் மாவட்டத்திலும் அடங்கும். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சியிலிருந்து சிகரம் நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஊர் இருக்கும் தரை நூறு மீட்டர் உயரத்தைக்கூட எட்டாது. இடையில் படிப்படியான மேட்டுநிலம் என்று எதுவும் இல்லை. வயல், கால்வாய், தோப்பு எல்லாம் பாபநாசம் வரை சமதளமாகப் போய், அங்கிருந்து மலை சுவர் போல நிமிர்கிறது. அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே உள்ள ஆற்றுப்பாலத்தில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு அதன் உயரம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிவதற்கு இந்தத் திடீர் எழுச்சியே காரணம்.

அகத்தியர் மலைக்குக் கூம்பு வடிவம். சுற்றிலும் சரிந்த பக்கங்கள், உச்சியில் மொட்டைப் பாறை. இப்படித் தனித்து நிற்கும் கூம்பு மலைகளைக் கண்டால், ஒரு காலத்தில் எரிமலையாக இருந்து அணைந்துபோனதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. திருவண்ணாமலையைப் பற்றி அப்படி ஒரு பேச்சு நெடுநாளாகவே உண்டு. அக்கினித் தலம் என்ற மரபு அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்த்துவிட்டது. பாறைகளைக் கேட்டால் இரண்டு மலைகளும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: இங்கே எரிமலை வெடித்ததற்குத் தடயம் இல்லை.

எரிமலை அணைந்து பல கோடி ஆண்டுகள் ஆனாலும் அடையாளங்களை விட்டுச் செல்லும். மேலே வந்து விரைவாக ஆறிய குழம்பில் படிகங்கள் வளர நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அது கண்ணுக்குப் படிகம் தெரியாத நுண்மையான கரும்பாறையாக, பசால்ட்டாக, இறுகும். வாயு வெளியேறிய இடங்களில் துளைகள் இருக்கும். சாம்பல் படிந்து இறுகிய அடுக்குகள் இருக்கும். சில இடங்களில் ஆறும்போது சுருங்கி அறுபட்டைத் தூண்களாகப் பிளந்திருக்கும். கர்நாடகத்தில் மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரி தீவுகளில் அத்தகைய தூண்களைப் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தின் தக்காணப் பீடபூமி முழுவதும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பின் அடுக்குகளே. மும்பை–புனே சாலையில் செல்பவர்கள் மலைகள் படிப்படியாக வெட்டியதுபோல இருப்பதைக் கவனித்திருப்பார்கள். ஒவ்வொரு படியும் ஒரு குழம்பு வழிவு. இந்தியாவில் இன்றும் உயிருள்ள எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. நீண்ட காலம் அடங்கிக் கிடந்த அது 1991இல் மீண்டும் கனன்றது. பொதிகையில் குழம்பு அடுக்கும் இல்லை, சாம்பலும் இல்லை, வாய்க்குழியும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே பெயரில் நீண்டாலும், அதன் வடபாதி எரிமலைக் குழம்பால் ஆனது, தென்பாதி அதைவிடப் பல மடங்கு பழமையான ஆழ்நிலப் பாறையால் ஆனது.

நெல்லை மாவட்டத்தில் எரிமலைப் பேச்சு ஒருமுறை செய்தித்தாள்கள் வரைக்கும் வந்தது. 1998இல் நெல்லை நகரை அடுத்த அபிஷேகப்பட்டியில் நிலத்திலிருந்து உருகிய குழம்பு வெளிவந்து கண்ணாடி போல இறுகியதாகச் செய்தி பரவியது. உயர் அழுத்த மின்சாரம் தரையில் பாய்ந்தால் மண் உருகிக் கண்ணாடியாகும் என்பது அப்போது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. மின்னல் மணலில் இறங்கும்போதும் இதுவே நடக்கிறது. எரிமலைக்குக் கைப்பிடியளவு கண்ணாடி போதாது. கீழே குழம்புக் கிடங்கும், அது மேலேறி வரும் வழியும் வேண்டும். நெல்லைச் சீமையின் அடியில் அவை இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை.

ஆனாலும் பொதிகைக்கும் நெருப்புக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த மலையின் பாறை, எரிமலைக் குழம்பின் சூட்டுக்குச் சற்றே குறைவான சூட்டில், மண்ணுக்கு வெகு ஆழத்தில் வெந்த பாறை. அதன் பெயர் சார்னோக்கைட். ஊரில் எல்லாரும் கருங்கல் என்றே சொல்லிவிடுகிறார்கள். கிரானைட்டுக்கும் அதே பெயர்தான். புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கிரானைட் வெளிறிய சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு நிறம். சார்னோக்கைட் கரும்பச்சை கலந்த நிறமும், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும் கொண்டது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய வழக்கமான கனிமங்களோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இதில் இருக்கும். அந்தக் கனிமம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே பாறைக்குப் பெயர் முடிவாகிறது. பல இடங்களில் மிளகு அளவில் சிவந்த கார்னெட் மணிகளும் பதிந்திருக்கும்.

இந்தப் பெயரின் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரும் கல்கத்தா நகரின் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுபவருமான ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். கல்லோ சென்னைப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துக் கல். உலகின் பல கண்டங்களில் காணப்படும் ஒரு பாறைவகைக்குப் பெயர் கொடுத்த மாதிரி, தமிழ்நாட்டு மண்ணிலிருந்து போனது.

சார்னோக்கைட் உருவாக 800 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும், 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தின் அழுத்தமும் தேவை. இத்தனை சூட்டிலும் பாறை முழுவதும் உருகிவிடாததற்குக் காரணம் ஈரமின்மை. நீர் கலந்த பாறை எளிதில் உருகும். நீர் வெளியேறிவிட்ட பாறை, அதே சூட்டில் திடமாகவே இருந்து, உள்ளே இருக்கும் கனிமங்களை மட்டும் மாற்றிக்கொள்ளும். சில இடங்களில் ஓரளவு உருகியும் இருக்கிறது. கரும்பாறையின் நடுவே வளைந்து நெளிந்து ஓடும் வெள்ளைக் கோடுகள் அப்படி உருகி மீண்டும் இறுகிய பகுதிகள். இதே மலைத்தொடரின் கேரளப் பக்கத்தில் உள்ள பொன்முடியில், வெளிறிய நைஸ் பாறைக்குள் கறுத்த சார்னோக்கைட் திட்டுத்திட்டாகப் பரவியிருப்பதைப் பார்க்கலாம். ஒரு பாறை இன்னொரு பாறையாக மாறிக்கொண்டிருந்தபோது அந்த வேலை பாதியில் நின்றுவிட்ட காட்சி அது. புவியியல் மாணவர்களுக்குப் பொன்முடி ஒரு யாத்திரைத் தலம் மாதிரி.

இவையெல்லாம் நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். மூலப்பாறைகளில் சில அதைவிடப் பன்மடங்கு பழமையானவை. அக்காலத்தில் இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவை ஒன்றோடொன்று மோதி இணைந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டமாயின. மோதலின் நடுவில் சிக்கிய நிலம் மடிந்து, தடித்து, அதன் அடிப்பகுதி ஆழத்துக்குத் தள்ளப்பட்டது. அங்கே வெந்ததுதான் இன்றைய பொதிகைப் பாறை. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் தெற்கு மடகாஸ்கரிலும் இதன் உறவுப் பாறைகளே கிடக்கின்றன. மூன்று இடங்களின் பாறைகளையும் அருகருகே வைத்தால் எது எந்த நாட்டுக் கல் என்று சொல்லத் தேர்ந்தவர்களும் தடுமாறக்கூடும்.

மோதலின் தழும்பு ஒன்று இன்னமும் தெரிகிறது. கேரளத்தின் அச்சன்கோவில் பகுதியிலிருந்து தென்கிழக்காக நெல்லைச் சீமைக்குள் இறங்கும் ஒரு நீண்ட பட்டையில் பாறைகள் இழுபட்டு, நசுங்கி, ஒரே திசையில் வரிவரியாகக் கிடக்கின்றன. இதை அச்சன்கோவில் பெயர்ச்சி வலயம் என்பார்கள். இதற்கு வடக்கே மதுரைப் பாறைத் தொகுதி, தெற்கே திருவனந்தபுரம் பாறைத் தொகுதி. அகத்தியர் மலை தெற்குத் தொகுதியைச் சேர்ந்தது. நசுங்கிய பாறை மற்றதைவிட விரைவில் சிதையும். வருசநாடு, சிவகிரிப் பக்கத்து உயர்ந்த மலைகளுக்கும் பொதிகைக்கும் இடையே செங்கோட்டை அருகில் மலைத்தொடர் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாக வழிவிடுவது இந்த வலயத்தை ஒட்டிய பகுதியில்தான். கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் 1904இல் வந்த ரயில்பாதை அந்தத் தாழ்வைப் பயன்படுத்திக்கொண்டது.

தெற்குத் தொகுதியில் சார்னோக்கைட்டுக்குத் துணையாகக் கோண்டலைட் என்ற இன்னொரு பாறையும் உண்டு. பழங்காலக் கடலடிச் சேறு வெந்து மாறியது அது. நெல்லைக்கு வடக்கே தாழையூத்துப் பகுதியில் கிடைக்கும் படிகச் சுண்ணாம்புக்கல்லும் அப்படிப்பட்டதே. கடலில் படிந்த சுண்ணாம்பு, அதே வெப்பத்தில் சர்க்கரை மணி போன்ற படிகங்களாக உருமாறியது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தன் முதல் ஆலையை 1949இல் தாழையூத்தில் இயக்கத் தொடங்கியது இந்தக் கல்லை நம்பித்தான். மலை இருக்கும் இடத்தில் மலைக்கு முன்பு கடல் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இருபது கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை இன்று எப்படி மேகத்தைத் தொடுகிறது? மேலே இருந்த சுமை கரைந்துபோனதுதான் முதன்மைக் காரணம். மழையும் ஆறும் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போகப் போக, எடை குறைந்த நிலம் அடியிலிருந்து மெல்ல மெல்ல உயர்ந்து ஈடுகட்டும். சிவன் திருமணத்துக்கு எல்லாரும் கைலாயத்தில் கூடியதால் வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர்ந்தது என்றும், அதைச் சமன்செய்ய அகத்தியர் பொதிகைக்கு அனுப்பப்பட்டார் என்றும் புராணம் சொல்கிறது. எடை கூடினால் நிலம் தாழும், குறைந்தால் எழும் என்ற கணக்கு புவியியலாளருக்கும் உடன்பாடுதான். அவர்கள் கணக்கில் ஒரு முனிவரின் எடை போதாது என்பது மட்டுமே வேறுபாடு.

இரண்டாவது காரணம் கண்டப் பிரிவு. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவின் மேற்கு விளிம்பிலிருந்து பிரிந்து போயிற்று. முன்பு சொன்ன செயின்ட் மேரி தீவுகளின் எரிமலைப் பாறை அந்தப் பிரிவின்போது வழிந்ததே. நிலம் கிழியும்போது கிழிந்த ஓரம் உயரும். இந்தியாவின் மேற்கு ஓரம் முழுவதும் அப்படி உயர்ந்து, பின்னர் ஆறுகளால் செதுக்கப்பட்டு இன்றைய தொடராயிற்று. மலையாகத் தெரிவது, உயர்ந்த நிலத்தில் தேயாமல் எஞ்சிய பகுதி. இடுக்குகளும் வெடிப்புகளும் மிகுந்த பாறை நீரை உள்ளே விட்டு மக்கி அழிந்தது. வெடிப்பு குறைந்த கட்டியான சார்னோக்கைட் நின்றுவிட்டது. அகத்தியர் மலையின் கூம்புக்கும் இதுவே விளக்கம். உச்சியின் மொட்டைப் பாறைகளில், வெங்காயத்தின் தோல் உரிவது போலப் பாறை தகடு தகடாகப் பெயர்ந்து விழுவதால்தான் அந்த வழவழப்பான உருண்ட வடிவம். கீழே நாங்குநேரி, களக்காடு வட்டாரச் சமவெளியில் திடீரென்று எழும் தனிக்குன்றுகளும் இதே முறையில் தப்பிப் பிழைத்தவைதான்.

உயரமும் இருப்பிடமும் சேர்ந்து பொதிகைக்கு இரட்டை மழையைத் தருகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதிக் கொட்டுகிறது. அதில் ஒரு பங்கு முகட்டைத் தாண்டி நெல்லைப் பக்கத்து மலைகளில் இறங்குகிறது. குற்றாலத்துச் சாரலும் அதன் மிச்சமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து வந்து கிழக்குச் சுவரில் நேரே மோதுகிறது. மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்கள் அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டின் மிகுமழைப் பட்டியலில் தவறாமல் இடம்பிடிப்பவை. இரண்டு பருவத்தின் நீரும் சேர்வதால்தான் ஆற்றுப் பாசன வயல்களில் கார், பிசானம் என இருபோகம் சாத்தியமாயிற்று.

தாமிரபரணி பொதிகையின் பூங்குளத்தில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலடையும் வற்றாத ஆறு என்ற பெருமை இதற்கு உண்டு. பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு, சேர்வலாறு ஆகியவை மலைக்குள்ளேயே சேர்கின்றன. மணிமுத்தாறு கல்லிடைக்குறிச்சிக்கு அருகே வந்து கலக்கிறது. பின்னர் கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு. மலையின் மறுபக்கம் இறங்கும் நெய்யாறு அரபிக்கடலுக்குப் போகிறது. தெற்கே இறங்கும் கோதையாற்றின் நீர், 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை வழியாகக் குமரி மாவட்ட வயல்களுக்குப் பாய்கிறது. ஒரே முகட்டில் விழும் மழை, ஒரு சாண் தள்ளி விழுந்தால் வேறு கடலுக்குப் போய்விடும்.

மலைக்குள் ஆற்றின் போக்கைத் தீர்மானிப்பது பாறையின் வெடிப்புகள். நேராக வரும் ஓடை சட்டென்று செங்கோணமாகத் திரும்பினால், அங்கே ஒரு வெடிப்பு இன்னொரு வெடிப்பைக் குறுக்கே வெட்டுகிறது என்று கொள்ளலாம். கட்டிப் பாறையின் விளிம்பு வரும் இடங்களில் ஆறு குதிக்கிறது: பாணதீர்த்தம், கல்யாணதீர்த்தம், அகத்தியர் அருவி. இந்தக் குதிப்பைப் பயனாக்கும் எண்ணம் பழையது. பாபநாசத்தில் அருவியின் விசையைக் கொண்டு பஞ்சாலை ஓட்டும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. 143 அடி கொள்ளும் பாபநாசம் அணை, 156 அடி சேர்வலாறு, 118 அடி மணிமுத்தாறு ஆகிய மூன்றின் நீர்மட்டத்தைப் பருவமழைக் காலத்தில் நெல்லை மக்கள் பங்குச்சந்தை நிலவரம் போலக் கவனிப்பார்கள். அணைக்குப் பொருத்தமான குறுகிய பள்ளத்தாக்கையும் கசியாத அடித்தளத்தையும் கொடுத்தது அதே சார்னோக்கைட்தான்.

கெட்டிப் பாறைக்கு இன்னொரு முகமும் உண்டு. அது மழையை உறிஞ்சிக்கொள்ளாது. மலையில் நீரைப் பிடித்துவைப்பது பாறையின் மேல் படர்ந்திருக்கும் மக்கு மண்ணும் சோலைக்காடும் மட்டுமே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். மலையிலும் சமவெளியிலும் ஒருசேரக் கொட்டியதால் தாமிரபரணி இரு கரைகளையும் மூழ்கடித்தது. இருபத்தைந்து கிலோமீட்டரில் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் இறங்கும் சரிவில் வெள்ளத்துக்கு அவகாசம் தேவைப்படுவதில்லை. இந்தக் காடுகள் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக 1988 முதல் பாதுகாக்கப்படுகின்றன. 2016இல் யுனெஸ்கோ அகத்தியர் மலையை உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் சேர்த்தது. புலிக்காக எடுத்த முடிவு என்றாலும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஊர்களுக்கு அது வெள்ளத் தடுப்புத் திட்டமும் ஆகும்.

மலை தேய்ந்து கீழே வந்ததுதான் சமவெளியின் மண். கன்னடியன், நதியுண்ணி, கோடைமேலழகியான் என்று அடுத்தடுத்த அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் நனைக்கும் வயல்களில், ஃபெல்ட்ஸ்பார் மக்கிக் களியானது. குவார்ட்ஸ் மக்காமல் ஆற்றுமணலானது. மணலில் அங்கங்கே செந்நிறக் கோடு தென்பட்டால் அவை பாறையிலிருந்து உதிர்ந்த கார்னெட் மணிகள். எடை மிகுந்த கனிமங்கள் கடற்கரைவரை போய் அலையால் சலிக்கப்பட்டுக் கருமணலாகக் குவிகின்றன. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் 1909இல் மோனசைட் கண்டறியப்பட்டது அத்தகைய மணலில்தான். அதில் உள்ள தோரியம், இந்திய அணுசக்தித் திட்டத்தின் நெடுநாள் எதிர்பார்ப்பு. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலும், காற்று அள்ளிக் குவித்த இதே வகைப் பாறைத்துகள்தான். இரும்புத்துரு மேலே பூசப்பட்டிருப்பதால் சிவந்து தெரிகிறது.

அகத்தியர் மலை உச்சிக்கு ஏற விரும்புவோர் திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து, கேரள வனத்துறை ஆண்டின் தொடக்க மாதங்களில் வழங்கும் அனுமதியோடுதான் செல்ல முடியும். பாறையை மட்டும் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாபநாசம் அகத்தியர் அருவியிலோ மணிமுத்தாறு அருவியிலோ குளிக்கப் போகிறவர்கள் நீர் தேய்த்த பழைய முகத்தை விட்டுவிட்டு, அண்மையில் உடைந்த கல் ஒன்றின் புதிய முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கரும்பச்சை மினுமினுப்பு தெரிந்தால் அது சார்னோக்கைட். பார்த்த கல்லை அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும். காப்பகத்திலிருந்து எதையும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.